ஒழுகாத தொட்டி

வரவேற்பறையை அடைத்துக்கொண்டிருந்த மீன் தொட்டியின் அடியில் பிளம்பரை அரை மணி நேரமாகக் குனிய வைத்திருந்தார் வீட்டுக்காரர்.

"இந்தக் குழாய் அடைச்சா அடுத்தது தண்ணிய எடுத்துக்கும். அதுவும் அடைச்சா மூணாவது. கரன்ட் போனாலும் தரையில ஒரு சொட்டு விழாது. சத்தம் ஏதாவது கேக்குதா?"

பிளம்பர் காதை வைத்துப் பார்த்தார். ம்ஹூம்.

"யார் சார் மாட்டினது?"

"நானேதான். ஆறு மாச உழைப்பாக்கும்!"

"அப்புறம் ஒழுகுதுன்னு ஃபோன் வந்துச்சே?"

"என் தொட்டியா?" வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது.

சமையலறையிலிருந்து நிரம்பிய வாளியோடு வந்தாள் அவர் மனைவி.

"நான்தாங்க கூப்பிட்டேன். சிங்க் குழாய் ஒரு வருஷமா ஒழுகுது. அதுல ரெண்டு மீனை விட்டிருந்தா, ஐயாவே அன்னைக்கே சரி பண்ணியிருப்பார்."