நாலாவது கூண்டு

கப்பலிலிருந்து கடல் நடுவே இருக்கும் எண்ணெய் மேடைக்கு ஆட்களைக் கிரேனில் தூக்கி ஏற்ற நாலு கூண்டுகள். கொக்கி மாட்டும் இரும்புக் காதுகளை வடிவமைத்தவன் பொறியாளன். பற்றவைத்துக் கொடுத்தவன் அவன் மனைவியின் தம்பி.

“நம்ம பட்டறையில செஞ்சதுக்கும் சோதனையா, மாமா?”

“நம்ம பட்டறைங்கிறதாலதான்.”

நாலில் ஒன்றைக் கிரேன் தூக்கியது. அடியில் கட்டிய பெரிய பையில் தண்ணீர் ஏற ஏற, காதுகள் முனகின. ஆட்களின் எடை வரை தாங்கியது. அதற்கு மேல் கொஞ்சம் ஏறியதும் ஒரு காது பிய்ந்து, கூண்டு தரையில் மோதியது.

பொறியாளன் மூச்சு விட்டான். “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, மச்சான். ஆள் ஏறுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுதே. மத்த மூணையும் பிரிச்சு மறுபடி பத்தவைப்போம்.”

மைத்துனன் தரையைப் பார்த்தான். “அது மூணும் காலையிலேயே கப்பல் ஏறிடுச்சு, மாமா. அவசரம்னு கப்பல்காரங்க ஆள் மேல ஆள் விட்டாங்க.”

பொறியாளன் மேடைக்குப் போன் போட்டான். மேடையில் யாரும் எடுக்கவில்லை.

“அதுங்களாவது ஒழுங்கா பத்தவச்சிருக்கியா?”

“மாமா... சோதனைக்குன்னு நான் பார்த்துப் பார்த்துப் பத்தவச்சது இது ஒண்ணுதான்.”