மறக்காத படலம்

காலை வெயில் ஆய்வுக்கூடத்து மேசையில் சாய்ந்து கிடக்கிறது. கருவிக்குள் நகத்தளவு சில்லு. அதன்மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய கோபால்ட் படலம். இதற்குமுன் செய்த பதினோரு படலங்களும் வெளியிலிருந்து கொடுத்த காந்தப்புலம் நின்றதுமே ஏறிய காந்தத்தை மறந்துவிட்டன. ஆராய்ச்சி மாணவி மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்க்கிறாள். படலத்தின் காந்தத்தைக் காட்டும் கோடு, புலம் கூடக்கூட மேலேறி, குறையத் தொடங்கியதும் திரும்புகிறது. வந்த வழியே இறங்காமல் விலகி நடக்கிறது. புலம் பூஜ்ஜியத்துக்கு வந்தும் கோடு உயரத்திலேயே நிற்கிறது. "அண்ணே, இது மறக்கலை," என்கிறாள். கருவியை இயக்குபவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிகிறார். "எதுக்கும் இன்னொரு வாட்டி ஓட்டிடுவோம்மா. ஒரு தடவை வந்தா அது அதிர்ஷ்டம்." இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேலேயே பிசகாமல் படிகிறது. அவர் அவள் பக்கம் நாற்காலியை நகர்த்திவைக்கிறார். அவள் உட்கார்ந்து அம்மாவை அழைக்கிறாள். "என்னடி, இந்த நேரத்துல?" "சும்மாதாம்மா," என்பதற்குள் சிரிப்பு முந்திக்கொள்கிறது.