இடப்பக்கத்துக் குமிழ்

மலைப்பாதைப் பந்தயத்துக்கு முந்தின நாள், எங்கள் ஜீப்புக்கு அடியில் படுத்து ஷாக் அப்சார்பர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருஷமாகத் தம்பி ரெய்மண்ட் ஓட்டுகிறான். நான் இடப்பக்கம் உட்கார்ந்து வழி சொல்கிறேன். உட்காருகிறவர்களின் எடைக்கு ஏற்ப ஷாக்கின் இறுக்கத்தை வைப்பதும் நான்தான். எடை குறைந்தால் இறுக்கமும் குறைய வேண்டும். குமிழைத் திருகும்போது விழும் ‘டிக்’ சத்தம்தான் கணக்கு. இரண்டு பக்கமும் பதினெட்டு வைத்திருந்தேன். வலப்பக்கம் அப்படியே இருந்தது. இடப்பக்கம் எண்ணினேன், பதினான்கு.

“யாருடா தளர்த்துனது?”

“நான்தான்க்கா. மழையில மண்ணு இளகிக் கெடக்கு, அதான்.”

“இடப்பக்கம் மட்டுமா மழை பெஞ்சுது?”

அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கையில் அழுக்கே இல்லை. பிறகு குரலை இறக்கிச் சொன்னான்: “நீயே ஒருதடவ பாத்து வச்சிரேன்க்கா. நீ கைவச்சாத்தான் எனக்குத் தைரியம்.”

குமிழில் விரலை வைத்தேன். “என் எடத்துல உக்காரப்போற ஆளு எத்தனை கிலோ?”

“நாப்பத்தொம்பதரை” என்றான், யோசிக்கவே இல்லை.

என் எடையை இந்த ஒன்பது வருஷத்தில் அவன் ஒருதடவைகூடக் கேட்டதில்லை.