பி மைனர் வரும் இடம்

“உனக்குத் தெரிஞ்ச எழுத்தை மட்டும்தான் அடிச்சிருக்கியோ, புள்ள?”

போன ஞாயிறு, கிட்டார் வாசிக்கிற அவன் அவளிடம் கேட்டது. பாடகர் குழு முழுக்க நின்றுகொண்டிருந்தது.

கீபோர்டுக்காரனின் தாளையும் தன் தாளையும் தூக்கிக் காட்டினான். பாட்டில் ஒரே இடத்துக்கு, அதில் பி மைனர் என்ற சுரக்கூட்டு. இதில் வெறும் டி. அதில் எஃப் ஷார்ப் மைனர். இதில் வெறும் ஏ. எட்டாங்கிளாஸோடு நின்றவளுக்கு ஏபிசிடி தெரிந்ததே பெரிய விஷயம் என்றான். கிட்டாருக்கு இப்படிக் குழந்தைப் பாடம் எழுதித் தந்தால் வெளியே தலைகாட்ட முடியுமா என்றான்.

அக்காமார் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள். வேறென்ன செய்ய.

இன்று அவள் தாள் அடிக்கும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். வேதக்கோயிலை ஒட்டிய சின்ன அறை. பயிற்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம்.

குழுவை நடத்தும் ஜெயசீலன் சார் பென்சிலில் கிறுக்கிக் கொடுக்கும் பாட்டை அடித்து, ஆளுக்கொரு தாள் எடுத்துத் தருவது அவள் வேலை.

இசை எழுதும் அந்த மென்பொருளை அவளுக்குப் பிடிக்கும். கார்டு என்கிற அந்தச் சுரக்கூட்டின் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்தாலும் சின்ன எழுத்தில் அடித்தாலும் புரிந்துகொள்ளும். மைனர் என்பதற்கு ஒரு கோடு போட்டால்கூடப் போதும். எத்தனாவது வரை படித்தாய் என்று கேட்காது.

ஒரே இடத்தில் ஆளுக்கொரு பெயர் எழுதவும் விடும். கீபோர்டு தாளில் ஒன்று. கிட்டார் தாளில் இன்னொன்று.

எட்டு மாதமாக அவள் அதைத்தான் செய்தாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் விசைப்படகில் வலை இழுக்கும் விஞ்சில் அவனுடைய இடது சுண்டுவிரல் மாட்டியது. காயம் ஆறியது. பார்க்க முழுசாகத்தான் இருந்தது. மடங்கவில்லை.

அவன் யாரிடமும் சொல்லவில்லை.

வலது கையில் வடை இருந்தால் இடது கையில் டீ கிளாஸைப் பிடிப்பான். சுண்டுவிரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். ஸ்டைலா என்று கேட்டார்கள். ஸ்டைல்தான் என்றான்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு வீட்டில், பள்ளிக்கூடத்து மரஸ்கேலில் பேனாவால் ஆறு கோடு இழுத்தாள். அதுதான் அவள் கிட்டார். தன் இடது சுண்டுவிரலோடு ஓர் ஐஸ் குச்சியைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டாள். விரல் மடங்கவில்லை.

பி மைனரைப் பிடித்துப் பார்த்தாள். வரவில்லை. அதற்குச் சுண்டுவிரல் மடங்க வேண்டும்.

டி வந்தது. மூன்று விரல் போதும். கீபோர்டு அடியில் பி வாசித்தால் மேலே டி வந்து சேர்ந்து பி மைனர் போலவே கேட்கும். கேட்கிறவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது.

பாட்டுக்குப் பாட்டு அப்படித்தான். குச்சி கட்டிய விரலோடு ஒவ்வொரு கார்டாகப் பிடித்துப் பார்த்து, வந்ததை மட்டும் அவன் தாளில் எழுதினாள்.

அவன் கை இனித்தது என்று ஊரே சொன்னது. கை சரியாகிவிட்டது என்று கடைசியில் அவனே நம்பிவிட்டான்.

இன்றைக்கு, வட்டாரத்துச் சபைகளுக்கெல்லாம் பொதுவான திருமண்டல இசைக்குழுவிலிருந்து ஒருவர் வருகிறார். கிட்டாருக்கு ஆள் வேண்டுமாம். இந்த ஒரு பாட்டைக் கேட்டு முடிவு சொல்வாராம். அவன் புதுச்சட்டை எடுத்திருக்கிறான்.

அவள் கிட்டார் தாளைத் திறந்தாள்.

டியை அழித்தாள். பி மைனர்.

ஏயை அழித்தாள். எஃப் ஷார்ப் மைனர்.

மொத்தம் நாற்பத்தோரு இடம்.

பிறகு பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். சுண்டுவிரலில் குச்சியைக் கட்டினாள். முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை பிடித்துப் பார்த்தாள்.

ஓர் இடமும் வரவில்லை.

பிரிண்டரைப் போட்டாள். பழைய தாளிலும் ஒன்று எடுத்து, நாலாக மடித்து, இடது கைக்குள் வைத்துக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

பயிற்சிக்கு வந்து தாளை வாங்கிப் பார்த்தவன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

“இப்பத்தான் உருப்படியா அடிச்சிருக்க.”

பாட்டு தொடங்கியது. முதல் இரண்டு கட்டம் நன்றாகத்தான் போனது. மூன்றாவதில் பி மைனர்.

விரல் நீட்டிக்கொண்டு நின்றது. கம்பி செத்த சத்தம் போட்டது.

ஜெயசீலன் சார் நிறுத்தினார். திரும்பவும் தொடங்கச் சொன்னார்.

மறுபடியும் அதே இடம்.

மூன்றாம் முறை. வலது கையால் அந்த விரலைப் பிடித்து மடக்கப் பார்த்தான். அதை எல்லோரும் பார்த்தார்கள். ஸ்டைலு, என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். அக்காமார் சேலைத் தலைப்பை வாய்க்குக் கொண்டுபோனார்கள்.

திருமண்டலத்திலிருந்து வந்தவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

அவள் இருந்த இடத்திலிருந்து கிட்டார் ஸ்டாண்டுக்கு ஆறே எட்டுத் தூரம். மடித்த தாள் கைக்குள் வேர்த்துப்போயிருந்தது.

எழுந்திருக்கவில்லை.

அவன் தலையைத் தூக்கினான். தாளை அடித்தவளைத் தேடினான். எப்போதும் குனிந்துகொள்கிறவள் இன்று குனியவில்லை.

அவன் கண் அவள் முகத்தில் நிற்கவில்லை. கீழே இறங்கியது. மடித்த தாளைப் பிடித்திருந்த கைக்கு.

அப்போதுதான் அவளும் பார்த்தாள். நாலு விரல் தாளைச் சுற்றி மடங்கியிருந்தது. சுண்டுவிரல் மட்டும் நேராக, குச்சியும் ரப்பர் பேண்டுமாக நீட்டிக்கொண்டு நின்றது.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டாண்டில் இருந்த தாளைப் பார்த்தான். மறுபடியும் விரலைப் பார்த்தான்.

கிட்டாரைக் கழற்றி நாற்காலியில் சாய்த்து வைத்தான். இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டான். சுண்டுவிரல் வெளியே நின்றது.

அவள் பக்கமாகத்தான் வாசல். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். திட்டினாலும் பரவாயில்லை.

அவன் அவளைத் தாண்டிப் போனான்.