எறும்பின் சாவி

“இல்லங்க, இனிமே இதை என்கிட்ட வச்சுக்க முடியாது. தொட்டாலே குமட்டுது. இன்னிக்கே அந்தத் தம்பிகிட்ட தூக்கிக் குடுத்துடுறேன்.”

“பெத்து வளத்தது நீ. குடுத்துட்டு அப்புறம் உக்காந்து அழக் கூடாது,” என்றான் கணவன். சமையலறைத் தொட்டியின் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தான் அவன். முடியும் எண்ணெயுமாக ஏதோ ஒன்று கருப்பாக அவன் விரல்களில் வழுக்கியது.

“அழவா? தலை முழுகப் போறேன்.” அவள் சாப்பாட்டு மேசையிலிருந்த மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள்.

அவள் பெற்று வளர்த்ததன் பெயர் எறும்பு. சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் எழுதி முடித்ததை ஒன்றாகக் கட்டி, சோதித்து, வாடிக்கையாளரின் கணினிவரை சுமந்துபோய் இறக்கும் வேலையைத் தானே செய்கிற ஒரு சின்ன உதவி நிரல். வேலையில்லாமல் கிடந்த ஒரு மழைக்காலத்தில் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாக வைத்தாள்.

எடுத்துக்கொண்டார்கள். வங்கி, மருத்துவமனை, ரயில் டிக்கெட் விற்கிற இடம் என்று அவள் கால் படாத இடமெல்லாம் எறும்பு புகுந்தது. அவள் ஒரு வரியை மாற்றினால் மறுநாளே அது அத்தனை இடங்களுக்குள்ளும் போய்விடும். வாசலில் நிறுத்தி யாரும் சோதிப்பதில்லை, எறும்புதானே.

கூடவே வசவும் வந்தது.

“இன்னிக்கு என்ன எழுதியிருக்கானுங்க? படி, கேப்போம்.”

“‘கிழட்டு எறும்பே, நான் சொன்ன கோளாறைச் சரி பண்ணக் கை வலிக்குதா? முடியலன்னா முடிஞ்சவன்கிட்ட குடுத்துட்டு ஓடு.’ இது பல்லி. துருப்பிடிச்ச ஆணின்னு ஒருத்தன் இருக்கானே, அவன் எழுதினதை வாய்விட்டுப் படிக்க முடியாது.”

“சே! என் கையில இருக்குற இந்தச் சனியனே தேவலை. ஓசியில வேலை வாங்கிக்கிட்டு இது என்னைத் திட்டறதில்ல.”

முகமில்லாத ஆட்கள், வெறும் பட்டப்பெயர்கள். காலையில் பல் துலக்கும் முன்பே அவர்களுடைய எச்சில் திரையில் வந்து விழுந்திருக்கும். கணினியை மூடியதும் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவுகிற பழக்கமே அவளுக்கு வந்துவிட்டது.

அந்தக் குப்பையில் சுத்தமாக இருந்தவன் தம்பி ஒருவன்தான். அவன் முகத்தையும் அவள் பார்த்ததில்லை. முகத்துக்குப் பதில் ஒரு கள்ளிச்செடிப் படம். ஆனால் அவன் குரல் துவைத்து மடித்த துண்டு போலிருக்கும். கோளாறுகளைத் தானே திருத்தி அனுப்பிவிட்டு, “நீங்க அலட்டிக்காதீங்கக்கா” என்பான்.

“அவன் இல்லன்னா நான் எப்பவோ பைத்தியமாகியிருப்பேன். போன மாசம் காய்ச்சல்னு ஒரு வாரம் படுத்துட்டான்ல, தனியா மாட்டிக்கிட்டேனேன்னு பயந்தேன். நல்லவேளை, அந்த வாரம் ஒருத்தனும் திட்டலை. கடவுளே பாவம் பாத்துட்டாரு.”

“உங்க உலகத்துல திட்டுறவனுக்கும் லீவு உண்டா?”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக அவள் தம்பியை அழைத்தாள்.

“நல்லா யோசிச்சீங்களாக்கா? உங்க குழந்தை மாதிரி அது.”

“யோசிச்சாச்சுப்பா. அதை மாத்துற முழுச் சாவியும் உன்கிட்டயே இருக்கட்டும். பாதி குடுத்தா மறுபடி என் தலையத்தான் உருட்டுவானுங்க.”

உரிமையாளர் என்ற இடத்தில் கள்ளிச்செடியைச் சேர்த்தாள். பொத்தானை அழுத்தினாள்.

“வந்துருச்சுக்கா. இனி அவனுங்க வாயை நான் பாத்துக்கறேன். நீங்க நிம்மதியா இருங்க.”

இணைப்பு அறுந்தது. ஜன்னலில் காய்ந்த துணிகளின் வாசனை பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவளை எட்டியது. சமையலறையில் தொட்டி கடகடவென்று இறங்க, “ஓடுதுடி, தண்ணி ஓடுது!” என்று கணவன் கத்தினான்.

கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு மூடலாமென்று எறும்பின் பக்கத்தைத் திறந்தாள். புதிதாக ஒரு பதிவு வந்திருந்தது.

“அப்பாடா! கிழட்டு எறும்பு ஒழிஞ்சது. புது ஆள் தங்கமானவன். இனி எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்.”

பதிவின் பக்கத்தில் கள்ளிச்செடி இருந்தது.

அவள் மறுபடி படிப்பதற்குள் பதிவு மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அதே வார்த்தைகள், எழுத்துப் பிசகாமல், திரும்ப வந்து உட்கார்ந்தன. இப்போது பக்கத்தில் பல்லி இருந்தது.

எச்சில் துப்பிய அதே வாய்தான் இத்தனை மாதமாக அக்கா, அக்கா என்றிருக்கிறது. சாவியைப் பிடுங்க அவள் பொத்தானைத் தேடினாள். உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயரை அதற்குள் எடுத்துவிட்டிருந்தான். ‘இங்கே உங்களுக்கு அனுமதி இல்லை’ என்றது அவளுடைய எறும்பு.

“என்னாச்சு? ஏன் ஒரு மாதிரி ஆயிட்ட?” கையைத் துடைத்துக்கொண்டே கணவன் வந்தான். அதற்குள் அவள் அந்த எண்ணை அழைத்திருந்தாள்.

எடுத்தான். விசைப்பலகையில் வேகவேகமாக, புதிதாக ஏதோ வரிகளைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“தம்பி... அந்தச் சாவியைத் திருப்பிக் குடுத்துருப்பா.”