சிலுவைக்குப் பக்கத்தில் கொடி

"கடைசியா கேக்கிறேன் பாஸ்டர். சிலுவைக்குப் பக்கத்துல தேசியக் கொடியை வைப்பீங்களா, மாட்டீங்களா?"

கேட்டவர் சபைச் செயலாளர். சட்டையில் சின்னக் கொடி குத்தாமல் வாசல்படி தாண்டமாட்டார். அதனால் சபையில் அவர் பெயரே 'கொடி சார்'.

"வெளியில கம்பம் நட்டு ஏத்துவோம் சார். நானே முதல் ஆளா வணக்கம் வைக்கிறேன். பீடத்துல சிலுவை மட்டும் இருக்கட்டும்."

"அப்போ உங்களுக்கு நாட்டுப்பற்று இல்லை!"

கொடி சார் ஒரு கத்தைத் தாளை மேசையில் போட்டார்.

"உங்களை இந்தச் சபையை விட்டு மாத்தச் சொல்லி மனு. விடிஞ்சதுலேருந்து வீடு வீடா அலைஞ்சு நாப்பது கையெழுத்து வாங்கியிருக்கேன். பச்சைத் தண்ணி பல்லுல படல. ஆராதனை முடிஞ்சதும் கமிட்டி. உங்க வண்டவாளம் தண்டவாளம் ஏறப்போகுது!"

பாஸ்டர் மனுவைப் புரட்டிப் பார்த்தார். மகளுக்குப் பரீட்சை நேரம். இப்போது மூட்டை கட்டு என்றால் எங்கே போவது?

பக்கத்தில் நின்ற பாஸ்டரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னைக்குத் தேர்தலாச்சே, எல்லாரும் ஓட்டுப் போட்டுட்டு வரட்டும்னு காலை ஆராதனையை மூணு மணிக்கு மாத்தினதே இவர்தானே அண்ணே?"

"அது இன்னொரு குத்தம்! ஆண்டவருக்கு ரெண்டாவது இடமா?"

"கொடி வைக்காட்டியும் குத்தம், ஓட்டுக்கு வழி விட்டாலும் குத்தம். இவர் எங்கதான் போய் முட்டிக்கிறது?"

மணி அடித்தது. மூவரும் ஆலயத்துக்குள் போனார்கள்.

பிரசங்கம் முடிந்து திருவிருந்து. சபையார் வரிசையாக முழங்காலிட்டுக் கைகளை ஏந்தினார்கள். பாஸ்டர் ஒவ்வொரு கையிலும் அப்பத்தை வைத்துக்கொண்டே வந்தார்.

தையல்காரர் விரலில் தேர்தல் மை. நர்ஸம்மா விரலில் மை. தடியூன்றி வந்த பெரியவர் விரலிலும் மை.

கடைசியில் கொடி சார். ஏந்திய கைகளில் பத்து விரலும் பளிச்சென்று இருந்தன.

பாஸ்டர் ஒரு கணம் நின்றார். கமிட்டியில் இந்த விரலைக் காட்டினால் போதும், மனு குப்பைக்குப் போய்விடும். மனசு அங்கே போகத்தான் செய்தது.

அப்பத்தை வைத்தார். பிறகு குனிந்து, வேறு யார் காதிலும் விழாமல் சொன்னார்.

"பூத் ஆறு மணி வரைக்கும் இருக்கு சார். ஆசீர்வாதம் முடிஞ்சதும் ஓடிப்போய்ப் போட்டுட்டு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் கமிட்டியை நான் உட்கார வச்சிருக்கேன்."