மேஸ்திரி வரவில்லை

அப்பாதுரை சிவப்புப் பேனாவை எடுத்து, ‘மேஸ்திரி’ என்ற கட்டத்துக்கு நேரே பத்தொன்பதாவது பெருக்கல் குறியைப் போட்டார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை இடிக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

“இன்னைக்கும் வரலையா?” என்றான் செழியன்.

“எங்க சார் வந்தாரு?”

வேங்கிக்காலில் திட்ட மேலாண்மை அலுவலகம் தொடங்கி இருபது நாள் ஆகிறது. செழியன் தலைவன், யமுனா தட்டச்சு, அப்பாதுரை கண்காணிப்பு. கிரிவலம் வரும் பெண்களுக்காக ஓர் அறக்கட்டளை அடி அண்ணாமலையில் கட்டும் ஆறு கழிப்பறைகள்தான் ஒரே திட்டம். பௌர்ணமிக்கு இன்னும் ஏழு நாள். அதற்குள் திறக்காவிட்டால் செழியனுக்கு வேலை இல்லை என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள்.

அலுவலகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பதரைக்கு நிலவரக் கூட்டம். பதினொன்றுக்கு, என்னென்ன தடை வரலாம் என்று ஒரு கூட்டம். மூன்று மணிக்கு, காலையில் பேசியதில் எவ்வளவு நடந்தது என்று பார்க்க ஒரு கூட்டம். ஐந்து மணிக்கு அறிக்கை.

அப்பாதுரை கிடைத்தது செழியனின் அதிர்ஷ்டம். வேலை விவரம் முழுக்கத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று அறக்கட்டளைக்குப் போன் செய்தான். மறுநாள் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். அட்டவணையைச் சுவரில் மாட்டியதும் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, “இடது பக்கம் ஒரு நூல் ஏறியிருக்கு சார்” என்றார். அளந்தார்கள். ஏறித்தான் இருந்தது. அன்றே அவருக்கு அட்டை கொடுத்து, ஒரு கூட்டத்தையும் தவறவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

“மேஸ்திரிக்கு அனுப்பின நோட்டீஸ் என்னாச்சு?”

“நாலும் கையில சேர்ந்துடுச்சு சார்.”

“படிச்சாரா?”

“படிச்சாரு. ரொம்ப வருத்தப்பட்டாரு.”

யமுனா தட்டச்சை நிறுத்தினாள். “வருத்தப்பட்டா சுவரு ஏறுமாண்ணா? வந்து வேலையப் பாக்கச் சொல்லுங்க.”

“வேற எடத்துல மாட்டிக்கிட்டாரும்மா. காலைல போனா சாயந்தரம்தான் விடுறாங்க.”

செழியன் மேசையைத் தட்டினான். “யாருங்க அது, நம்ம மேஸ்திரியப் பிடிச்சு வச்சிருக்கிறது? அறிவு இருக்கா அந்தாளுக்கு?”

அப்பாதுரை தரையைப் பார்த்தார். “படிச்சவருதான் சார்.”

இருபது நாளில் முதல் தடவையாக, வேலை நடக்கும் இடத்துக்கே போவதென்று செழியன் முடிவு செய்தான்.

“அப்ப மூணு மணி மீட்டிங் சார்?” என்றாள் யமுனா.

“தள்ளி வைங்க. வாங்க அப்பாதுரை, ஆளை நேர்ல பிடிச்சு நாலு கேள்வி கேக்கணும்.”

“நானும் வரணுமா சார்?”

“எனக்கு அவரு மூஞ்சியே தெரியாது. நீங்கதானே பாத்திருக்கீங்க? ஏறுங்க.”

அப்பாதுரை யமுனாவின் ரோஸ் நிற ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினார்.

அடி அண்ணாமலையில் சுவர்கள் இடுப்பு உயரத்தில் நின்றன. கலவைச் சட்டியில் சிமென்ட் கல்லாகிவிட்டிருந்தது; கரண்டி அதற்குள்ளேயே நட்டுக்கொண்டு நின்றது. வண்டி நின்றதும் எதிர் மோர்க்கடையிலிருந்து சந்திரம்மாள் எழுந்து வந்தாள்.

“ஆபீஸ்காரருங்களா? நல்லாருக்குதுங்க உங்க நியாயம். போன பௌர்ணமிக்கு எத்தினி பொம்பளைங்க எங்க வூட்டுக் கதவைத் தட்டுனாங்க தெரியுமா? ரெண்டே வாரத்துல முடிச்சுடறேன்னு சொன்ன மேஸ்திரி, இருபது நாளா இந்தப் பக்கமே காணோம்.”

“அதுக்குத்தாம்மா வந்திருக்கேன். அவரு இப்ப எங்க இருப்பாருன்னு மட்டும் சொல்லுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்.”

பின்னால் அப்பாதுரை மெல்ல ஹெல்மெட்டைக் கழற்றினார்.

சந்திரம்மாள் அவரைப் பார்த்தாள். செழியனைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

“உங்க வண்டியிலதாங்க உக்காந்திருக்காரு.”